டிமக்ஸில் விட்டாலும் இரவில் ஜாப் விழுந்துவிடுகிறது: டிபார்ட்மெண்ட் சர்வரில் நீண்ட ஜாப்களை ஓட்டுவது எப்படி?

நள்ளிரவு_ஓட்டம் (கேள்வி)

எங்கள் கணினி அறிவியல் ஆய்வகத்தில் ஒரு லாகின் சர்வரும், தலா 4 ஜிபியு உள்ள சில லினக்ஸ் சர்வர்களும் இருக்கின்றன. ஸ்லர்ம் மாதிரி வரிசைப்படி ஜாப் ஒதுக்கும் ஏற்பாடு கிடையாது. எது காலியாக இருக்கிறதோ அதில் எஸ்எஸ்எச் செய்து நேரடியாக ஓட்ட வேண்டியதுதான். ஹோம் எல்லா சர்வரிலும் ஒன்றே. நெட்வொர்க் வழியாக வருகிறது.

பைடார்ச்சில் ஒரு மாடலுக்குப் பயிற்சி ஓடுகிறது. முழுதாக முடிய 30 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். வெறுமனே ஓட்டினால் லேப்டாப்பை மூடியதும் ஜாப் செத்துப்போகிறது. டிமக்ஸில் (இணைப்பு அறுந்தாலும் சர்வரிலேயே உயிரோடு இருக்கும் டெர்மினல்) ஓட்டினால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சுமார் 10 மணி நேரம் ஆனதும், செக்பாயிண்ட் (பயிற்சியின் இடைநிலை நகல்) சேமிக்கும் இடத்தில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று விழுகிறது. அதே டிமக்ஸ் விண்டோவில் எல்எஸ் அடித்தால் என் ஹோமையே காட்ட மறுக்கிறது. பக்கத்தில் புதிதாக லாகின் செய்து பார்த்தால் அதே ஃபோல்டர் ஒழுங்காகத் திறக்கிறது! பெர்மிஷன் எதையும் யாரும் மாற்றவில்லை.

கூடவே இன்னொன்று. ஹோமுக்கான கோட்டா (இட வரம்பு) 20 ஜிபி. தீரப்போகிறது என்று எச்சரிக்கை வருகிறது. ஹோமுக்குள் போய் ‘டியூ -எஸ்எச் *’ அடித்து எல்லாவற்றையும் கூட்டினால் 6 ஜிபிதான். மீதி எங்கே போனது?

முனையம்

முதல் பாதி எளிது. எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால் அந்த ஷெல்லின் கீழ் ஓடும் புராசஸ்களுக்கு ஹேங்கப் சிக்னல் (எண் 1) போகும். அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் சொல்லாத புராசஸ் செத்துவிடும். நோஹப், ஸ்கிரீன், டிமக்ஸ் மூன்றும் இதைத்தான் தடுக்கின்றன. டிமக்ஸும் செத்துப்போகும் சர்வர்கள் உண்டு. அங்கே சிஸ்டம்டி லாகவுட்டில் எல்லாப் புராசஸையும் கொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கும். உங்கள் இடத்தில் அது இல்லை, டிமக்ஸ் உயிரோடு இருக்கிறது.

இரண்டாம் பாதிக்கும் டிமக்ஸுக்கும் சம்பந்தமில்லை. பழைய விண்டோவில் மறுப்பு, புது லாகினில் அனுமதி. இது கோப்பின் பெர்மிஷன் பிரச்சினையாக இருக்கவே முடியாது. ஹோமுக்குள் நின்று ‘பிடபிள்யூடி -பி’ (பெரிய பி) அடித்துப் பாதை எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். அடுத்தமுறை விழுந்ததும், அந்த விண்டோவிலேயே ‘கேலிஸ்ட்’, ‘டோக்கன்ஸ்’ (கையில் உள்ள அடையாளச் சான்றுகளைக் காட்டும் கட்டளைகள்) இரண்டும் என்ன சொல்கின்றன என்று இங்கே போடுங்கள்.

துணுக்குநிரல்

நோஹப் போட்டுப் பாருங்கள், டிமக்ஸ் எல்லாம் எதற்கு?

முனையம்

@துணுக்குநிரல், நோஹப் போட்டாலும் அதே 10 மணி நேரத்தில் அதே இடத்தில்தான் விழும். தெரிய வேண்டியது, அந்த 10 மணி நேரத்தில் காலாவதியாவது எது என்பது.

நள்ளிரவு_ஓட்டம்

பாதை ஏஎஃப்எஸ் என்று தொடங்குகிறது. விழுந்த விண்டோவில் ‘டோக்கன்ஸ்’ அடித்தால் டோக்கன் எக்ஸ்பயர்ட் என்கிறது. ‘கேலிஸ்ட்’ இன்னும் மோசம்: அப்படி ஒரு கிரெடென்ஷியல் கேஷ் கோப்பே இல்லையாம். புது லாகினில் இரண்டும் சரியாக இருக்கின்றன. டிக்கெட் 10 மணி நேரத்துக்குச் செல்லும், ‘ரென்யூ அன்டில்’ என்ற இடத்தில் 7 நாள் தள்ளி ஒரு தேதி.

வேர்_பயனர்

இதற்குள் எல்லாம் வந்துவிட்டது. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் தீர்வு பிடிபடும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏஎஃப்எஸ் என்பது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைத் தரும் அமைப்பு. அதில் நீங்கள் யார் என்பதை லினக்ஸ் யூசர் எண் தீர்மானிப்பதில்லை, டோக்கன் தீர்மானிக்கிறது. பாஸ்வேர்ட் கொடுத்து லாகின் செய்யும்போது கெர்பரோஸ் (ஆள் யார் என்று உறுதிசெய்யும் அமைப்பு) டிக்கெட் ஒன்று வாங்கப்படுகிறது. அதைக் காட்டி ஏஎஃப்எஸ் டோக்கன் பெறப்படுகிறது. டிக்கெட்டின் ஆயுள்தான் டோக்கனின் ஆயுள். உங்கள் இடத்தில் 10 மணி நேரம். அது முடிந்ததும் கோப்பு சர்வர் உங்களை முன்பின் தெரியாத ஆளாக நினைக்கிறது. அதன் மொழியில் ‘சிஸ்டம்:எனியூசர்’. அந்த ஆளுக்கு உங்கள் ஹோமில் உரிமை இல்லை. ஆகவே ‘பெர்மிஷன் டினைட்’. சரியான பதில்தான், காரணத்தைத்தான் சொல்வதில்லை.

டிக்கெட் இருப்பது ஒரு கோப்பில், பொதுவாக டிஎம்பி ஃபோல்டரில். நீங்கள் லாகவுட் செய்ததும் அந்தக் கோப்பை லாகின் அமைப்பு அழித்துவிடுகிறது. கேலிஸ்ட் ஒன்றும் இல்லை என்றது அதனால்தான். டோக்கன் அப்படியில்லை. அது கெர்னலுக்குள், பேக் (புராசஸ் ஆதென்டிகேஷன் குரூப்) என்ற ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். டிமக்ஸ் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதால், டிக்கெட் போன பிறகும் டோக்கன் தீரும்வரை ஜாப் ஓடியது. புது லாகின் புதுக் கூட்டம், புது டோக்கன். அதில் வேலை செய்வது பழைய கூட்டத்துக்குப் போய்ச் சேராது.

இதே அறிகுறி கெர்பரோஸ் பூட்டிய என்எஃப்எஸ்ஸிலும் (இன்னொரு நெட்வொர்க் கோப்பு அமைப்பு) வரும். ஆனால் அங்கே பெரும்பாலும் புதிதாக லாகின் செய்த உடனே பழைய விண்டோவும் உயிர்பெற்றுவிடும், ஏனென்றால் அது யூசர் எண்ணை வைத்து டிக்கெட் தேடுகிறது. பழைய விண்டோ அப்படியே செத்துக் கிடந்தால் ஏஎஃப்எஸ் என்று சந்தேகிக்கலாம்.

(கெர்பரோஸ் எம்ஐடியின் அதீனா திட்டத்திலும், ஏஎஃப்எஸ் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ திட்டத்திலும் 1980-களில் பிறந்தவை. ஆயிரக்கணக்கான மாணவர்கள் எந்த ஆய்வகக் கணினியில் உட்கார்ந்தாலும் தங்கள் கோப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக உருவானவை. கணினி முன்னால் ஆள் உட்கார்ந்திருப்பார் என்ற அனுமானம் அப்போதே உள்ளே புகுந்துவிட்டது.)

இனி செய்ய வேண்டியது. வரிசை முக்கியம்.

1. சர்வரில் நுழைந்ததும் முதலில் ‘பேக்எஸ்எச்’. இது டோக்கன் இல்லாத புதுக் கூட்டத்தில் ஒரு ஷெல்லைத் திறக்கும்.

2. கேஆர்பி5சிசிநேம் என்ற மாறியை டிஎம்பி ஃபோல்டரில் உங்களுக்கென்று ஒரு தனிக் கோப்புப் பெயருக்கு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். லாகவுட்டில் அழிவது லாகின் போட்ட கோப்பு மட்டுமே; நீங்கள் பெயர் வைத்தது தங்கும்.

3. ‘கேஇனிட் -ஆர் 7டி’. இங்கே சின்ன ஆர்: 7 நாள்வரை புதுப்பிக்கக்கூடிய டிக்கெட் கொடு என்று பொருள். பெரிய ஆர் போட்டால் ‘கையில் இருப்பதைப் புதுப்பி’ என்றாகிவிடும். பாஸ்வேர்ட் கேட்கும். பிறகு ‘ஏகேலாக்’ அடித்தால் டோக்கன் வரும். ‘டோக்கன்ஸ்’ அடித்து உறுதிசெய்யுங்கள்.

4. இதற்குப் பிறகுதான் டிமக்ஸ்.

5. டிமக்ஸுக்குள் பைத்தானை நேராக அழைக்காமல், ‘கேரென்யூ -கே 60 -டி --’ என்று எழுதி அதன் பின்னால் உங்கள் கட்டளையைப் போடுங்கள். கே பெரியது, டி சின்னது. 60 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, டிக்கெட் தீரும் நிலையில் இருந்தால் புதுப்பிக்கும். -டி போட்டிருப்பதால் ஏகேலாக்கையும் தானே ஓட்டும். கட்டளை இல்லை என்று வந்தால் கேஸ்டார்ட் என்ற பேக்கேஜை நிறுவச் சொல்லி நிர்வாகியிடம் கேளுங்கள்.

7 நாள் என்பது உச்சவரம்பு. அதைத் தாண்டி கேரென்யூவாலும் நீட்ட முடியாது. திரும்பப் பாஸ்வேர்ட் கொடுத்தே ஆக வேண்டும். 30 மணி நேர ஜாபுக்கு அது பிரச்சினையில்லை.

இப்போதே ஒரு ஜாப் ஓடிக்கொண்டிருந்து, டோக்கன் இன்னும் தீரவில்லை என்றால் அதை நிறுத்த வேண்டாம். அதே டிமக்ஸில் இன்னொரு விண்டோ திறந்து கேஇனிட், ஏகேலாக் இரண்டையும் அடியுங்கள். டோக்கன் கூட்டத்துக்குப் பொது என்பதால் ஓடிக்கொண்டிருக்கும் ஜாபுக்கும் அது சேரும். இன்னும் 10 மணி நேரம் கிடைக்கும்.

துணுக்குநிரல்

இவ்வளவு சுற்று எதற்கு? கீடேப் ஒன்று உருவாக்கி கே5ஸ்டார்ட்டில் (டிக்கெட்டைத் தானே வாங்கும் கட்டளை) கொடுத்துவிட்டால் பாஸ்வேர்டே கேட்காது, 7 நாள் வரம்பும் இல்லை.

வேர்_பயனர்

வேலை செய்யும். ஆனால் கீடேப் என்பது உங்கள் பாஸ்வேர்டுக்குச் சமமான கோப்பு. அதை நகலெடுத்தவர், பாஸ்வேர்டை நீங்கள் மாற்றும்வரை நீங்களாகவே உலவலாம். பொது சர்வரின் லோக்கல் டிஸ்கில் வைத்தால் பெர்மிஷன் 600 போட்டாலும் ரூட் உரிமை உள்ள எல்லோருக்கும் தெரியும். ஏஎஃப்எஸ்ஸில் வைத்தால் டோக்கன் தீர்ந்தபோது அதையே படிக்க முடியாது! தினமும் தானாக ஓட வேண்டிய ஜாப் இருந்தால், அதற்கென்று தனி சர்வீஸ் கணக்கு கேளுங்கள். மாணவர் கணக்குக்குக் கீடேப் வேண்டாம்.

முனையம்

வேர்_பயனர் சொன்ன வழியை மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி ஜாபுக்கு நான் பரிந்துரைப்பது வேறு: ஓடும் நேரத்தில் ஏஎஃப்எஸ்ஸைத் தொடாமலே இருப்பது. சர்வர்களில் லோக்கல் டிஸ்க் ஒன்று ஸ்க்ராட்ச் என்ற பெயரில் இருக்கும் (‘டிஎஃப் -எச்’ அடித்தால் தெரியும்). அதில் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர், பெர்மிஷன் 700. டேட்டா, செக்பாயிண்ட், லாக் மூன்றும் அங்கே. டோக்கன் தீர்ந்தாலும் கவலையில்லை, வேகமும் கூடும்.

இதில் பலர் மறப்பது பைத்தான் என்விரான்மெண்ட். டேட்டாவை மாற்றிவிட்டு என்விரான்மெண்டை ஹோமிலேயே விட்டால், 12-வது மணி நேரத்தில் ஏதோ ஒரு ஃபங்ஷன் உள்ளே முதன்முறையாக ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்யும், அங்கே விழும். கோட், என்விரான்மெண்ட் எல்லாமே ஸ்க்ராட்சுக்குப் போக வேண்டும். ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை ஹோமில் உள்ள கோப்புக்குத் திருப்பிவிட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ஸ்க்ராட்சின் குறைகள்: பேக்கப் கிடையாது, அந்த ஒரு சர்வரில் மட்டும்தான் இருக்கும், பழைய கோப்புகளைத் தானாக அழிக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. முடிந்ததும் ‘ஆர்சிங்க் -ஏவிபி’ (பி மட்டும் பெரியது) கொண்டு தேவையானதை ஹோமுக்குக் கொண்டுவாருங்கள். மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பது மட்டும் போகும், போடாவிட்டால் ஃபோல்டரே போகும்.

பிட்_கணக்கு

கோட்டா கேள்வியை யாரும் தொடவில்லை. ‘டியூ -எஸ்எச் *’ என்பதில் உள்ள நட்சத்திரம், புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்களை எடுக்காது. மீதி அங்கேதான் இருக்கும். ஹோமில் நின்று ‘டியூ -எச் --மேக்ஸ்-டெப்த்=1 .’ அடித்து, ‘சார்ட் -எச்’ வழியாக விடுங்கள். பெரியது கடைசியில் வரும். பெரும்பாலும் சிக்குபவை இவை: புள்ளி-கேஷ் (பிப், ஹக்கிங்ஃபேஸ் இறக்கி வைத்தவை), புள்ளி-காண்டா அல்லது மினிகாண்டாவுக்குள் பிகேஜிஎஸ் (காண்டா என்ற பேக்கேஜ் நிர்வாகி இறக்கி வைத்தவை), புள்ளி-விஎஸ்கோட்-சர்வர் (பழைய பதிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்), புள்ளி-லோக்கல் உள்ளே ட்ராஷ்.

‘பிப் கேஷ் பர்ஜ்’, ‘காண்டா க்ளீன் --ஆல்’ இரண்டும் பாதுகாப்பானவை. பிறகு எக்ஸ்டிஜி_கேஷ்_ஹோம், காண்டா_பிகேஜிஎஸ்_டிர்ஸ், எச்எஃப்_ஹோம் மூன்றையும் ஸ்க்ராட்சுக்குத் திருப்பி, பாஷ்ஆர்சியில் எழுதி வையுங்கள். திரும்ப நிறையாது.

ஏஎஃப்எஸ்ஸுக்கே உரிய சில சிக்கல்கள்:

கோட்டாவைப் பார்க்க ‘கோட்டா’ கட்டளை உதவாது, ‘எஃப்எஸ் எல்கியூ’ அடிக்க வேண்டும்.

ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஹார்ட் லிங்க் போட ஏஎஃப்எஸ் விடாது. காண்டா மற்ற இடங்களில் ஹார்ட் லிங்க் போட்டு இடத்தை மிச்சப்படுத்தும். இங்கே முழு நகல் எடுக்கும். ஒரே பைடார்ச் உள்ள மூன்று என்விரான்மெண்ட் என்றால் மூன்று பங்கு இடம். உங்கள் 14 ஜிபியில் பெரும்பகுதி இதுவாக இருந்தால் ஆச்சரியமில்லை.

ஒரே ஃபோல்டரில் சுமார் 64,000 கோப்புக்கு மேல் வைக்க முடியாது. பெயர்கள் நீளமாக இருந்தால் அதைவிடக் குறைவு. படங்கள் நிறைந்த டேட்டாசெட்டை ஹோமில் பிரித்துப்போட்டால் இடம் இருக்கும்போதே பிழை வரும். டார் கோப்பாக வைத்து, ஸ்க்ராட்சில் போய்ப் பிரியுங்கள்.

கடைசியாக, ஆபத்தான ஒன்று. ஏஎஃப்எஸ்ஸில் எழுதுவது முதலில் லோக்கல் கேஷில் நிற்கும். கோப்பை மூடும்போதுதான் சர்வருக்குப் போகும். கோட்டா தீர்ந்த செய்தியும் பல சமயம் மூடும்போதுதான் வரும். புரோகிராம் அதைக் கவனிக்காவிட்டால், பாதி எழுதிய செக்பாயிண்டை முழுது என்று நம்பி, நல்ல பழையதை மேலெழுதி அழித்துவிடும். தற்காலிகப் பெயரில் எழுதி, மூடி, பிழை இல்லையென்றால் மட்டும் சரியான பெயருக்கு மாற்றுங்கள். இது எந்த டிஸ்கிலும் நல்ல பழக்கம்தான்.

நள்ளிரவு_ஓட்டம்

காண்டா என்விரான்மெண்ட் மட்டும் 9 ஜிபி, புள்ளி-கேஷில் 4. இரண்டையும் ஸ்க்ராட்சுக்கு மாற்றுகிறேன். என்விரான்மெண்டை அப்படியே நகலெடுத்து வைக்கலாமா?

பிட்_கணக்கு

கூடாது. காண்டா என்விரான்மெண்டுக்குள் பல கோப்புகளில் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். இடம் மாறினால் பிப் முதலான கட்டளைகள் பழைய இடத்தையே தேடும். ‘காண்டா என்வி எக்ஸ்போர்ட்’ செய்து பட்டியலை எடுத்துக்கொண்டு, புது இடத்தில் ‘--ப்ரீஃபிக்ஸ்’ கொடுத்து உருவாக்குங்கள். அது ஓடுவதைப் பார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.

கோர்_64

வரிசை ஏற்பாடு இல்லாத ஆய்வகம் என்றதால் ஒரு சில விஷயம். இதைச் செய்யாதவர்களால்தான் மற்றவர்களின் ஜாப் விழுகிறது.

தொடங்குமுன் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ பாருங்கள். பயன்பாடு 0 சதவீதம் என்பதால் ஜிபியு காலி என்று முடிவுகட்ட வேண்டாம், மெமரியைப் பாருங்கள். ஒருவரின் ஜாப் டேட்டா ஏற்றிக்கொண்டிருக்கும் நொடியிலும் 0 காட்டும். காலியானதைக் கூடா_விசிபிள்_டிவைசஸ் மாறியில் குறிப்பிடுங்கள். என்விடியா-எஸ்எம்ஐ காட்டும் எண்ணும் கூடா (என்விடியா ஜிபியுவை இயக்கும் மென்பொருள்) எடுக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று உத்தரவாதமில்லை: கூடா இயல்பாக வேகமான கார்டை முதலில் வைக்கும். சர்வரில் இரண்டு வகைக் கார்டு இருந்தால் கூடா_டிவைஸ்_ஆர்டர் என்பதைப் பிசிஐ_பஸ்_ஐடி என்று வையுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் கார்டில் போய் உட்கார்வீர்கள்.

கன்ட்ரோல்-இசட் அடித்தால் ஜாப் நிற்கும். ஜிபியு மெமரி விடுபடாது. நிறுத்தியதாக நினைத்துப் போய்விடுகிறார்கள், அந்தக் கார்டு யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. ‘ஜாப்ஸ்’ அடித்துப் பார்த்துக் கொல்லுங்கள். டென்சர்ஃப்ளோ பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அது இயல்பாகவே கண்ணில் படும் எல்லா ஜிபியுவின் மெமரியையும் அள்ளிக்கொள்ளும்.

சிபியு பக்கம்: நம்பை, பைடார்ச் இரண்டும் சர்வரில் உள்ள கோர் அத்தனைக்கும் த்ரெட் திறக்கும். 64 கோர் சர்வரில் 8 புராசஸ் ஓட்டினால் 512 த்ரெட் அடித்துக்கொள்ளும். எல்லோருக்கும் மெதுவாகும், உங்களுக்கும்தான். ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் மாறியை 4 அல்லது 8 என்று வையுங்கள். பல நேரம் ஜாப் வேகமாகும். ஜிபியு இல்லாத நீண்ட வேலையென்றால் முன்னால் ‘நைஸ் -என் 19’ சேர்த்துவிடுங்கள்.

ஜாப் ‘கில்ட்’ என்ற ஒரே சொல்லோடு, எக்ஸிட் எண் 137-உடன் முடிந்தால் (128+9) யாரோ சிக்னல் 9 அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த யாரோ, ராம் தீர்ந்ததால் கெர்னல். டேட்டாலோடரின் ஒர்க்கர் எண்ணிக்கையை முதலில் குறையுங்கள்.

லாகின் சர்வரில் எதையும் ஓட்ட வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நள்ளிரவு_ஓட்டம்

எல்லாவற்றையும் ஸ்க்ராட்சுக்கு மாற்றி, கேரென்யூவோடு தொடங்கியாயிற்று. ஒரு சந்தேகம். முந்தைய டிமக்ஸ் இன்னும் இருந்தது. பேக்எஸ்எச், கேஇனிட், ஏகேலாக் செய்துவிட்டு, ‘டிமக்ஸ் நியூ’ கொடுத்து அதே சர்வரில் புது செஷன் திறந்தேன். உள்ளே ‘டோக்கன்ஸ்’ பார்த்தால் பழைய எக்ஸ்பயர்ட் டோக்கனையே காட்டுகிறது. வெளியே பார்த்தால் புதியது இருக்கிறது.

வேர்_பயனர்

டிமக்ஸின் பின்னால் ஒரு சர்வர் புராசஸ் ஓடுகிறது. செஷன் புதிதானாலும், விண்டோக்களைத் திறப்பது அந்தப் பழைய புராசஸ்தான். ஆகவே அவை பழைய கூட்டத்திலேயே பிறக்கும். பழைய டிமக்ஸில் காப்பாற்ற எதுவும் இல்லையென்றால் ‘டிமக்ஸ் கில்-சர்வர்’ கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இருந்தால் ‘டிமக்ஸ் -எல் பயிற்சி நியூ’ (பெரிய எல், பின்னால் ஏதாவது ஒரு பெயர்) கொடுங்கள். தனி சாக்கெட்டில் தனி சர்வர் புராசஸ் எழும், அது உங்கள் புதுக் கூட்டத்தில் சேரும். திரும்பி வரும்போதும் அதே -எல் பெயரோடு அட்டாச் செய்ய வேண்டும், வெறும் ‘டிமக்ஸ் அட்டாச்’ பழையதில்தான் கொண்டுபோய் விடும்.